டிரைவருக்கும் ஒரு கட்டில் போடுங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

 இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். கேள்வி சின்னதுதான். ஆனா பதில் சொல்ல உட்கார்ந்தப்போ அது முழு எபிசோடையும் சாப்பிட்டுடுச்சு.

சிறுசேரியில வேலை பார்க்கிற ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம். லீவுல வீட்டு ஆளுங்க பதிமூணு பேர் திருப்போரூர் பக்கம் இருக்கிற வொண்டர்லாவுக்கு வரணுமாம். அம்மா, அப்பா, அத்தை குடும்பம், சித்தி குடும்பம், நாலு வாண்டுகள். அவங்க கேட்டது இதுதான்: "ஊர்ல இருந்தே வேன் பிடிச்சு ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா? இல்ல, இங்க ஒரு ஹோட்டல்ல தங்கி, ஹோட்டல் வண்டியில பார்க்குக்குப் போய் வரலாமா? எது சீப்?"

எது சீப்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி அவங்க கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கணும். அந்த வேனை ஓட்டுற அண்ணன் எப்போ தூங்குவார்?

வாலிகண்டபுரம் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: திருச்சியில இருந்து சென்னை வரும்போது பெரம்பலூர் தாண்டினதும் வரும். கொஞ்ச தூரத்துல ரோட்டுல இருந்தே ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். நம்ம எல்லாரும் ஏசி பஸ்ல தூங்கிக்கிட்டே கடக்கிற இடம். 1751-ல ஆங்கிலேயர் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கிட்ட இடமும் அதுதான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் வேணும்னா அரியலூர் போகணும். அதனால அந்தப் பக்கத்து மக்களுக்கு எந்த விசேஷம்னாலும் முதல்ல வாயில வர்ற வார்த்தை 'வேன்'.

அங்கிருந்து திருப்போரூர் ஒரு வழிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர். திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர்னு நாலு டோல்கேட். செங்கல்பட்டுல கிழக்கே திரும்பணும். நிறுத்தம் எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம்னு வைங்க.

தோழி வீட்டுல போட்ட திட்டம் என்னன்னா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புறது. விடியற முன்னாடி பாதி தூரம் போயிடலாம், வெயில் இருக்காது, டிராஃபிக் இருக்காது. பார்க்குல ஆடி முடிச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி ஏறினா நள்ளிரவுக்குள்ள வீடு. ரூம் வாடகை மிச்சம்.

இந்தத் திட்டத்தை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம ஸ்கூல் டூர் எல்லாமே இதே ஃபார்முலாதான். வி.ஜி.பி., எம்.ஜி.எம்., கிஷ்கிந்தான்னு போன தலைமுறை மொத்தமும் இப்படித்தான் போச்சு. ராத்திரி ஸ்கூல் வாசல்ல ஏறணும். விடியக்காலையில ஏதோ ஒரு மண்டபத்துல பல் தேய்க்கணும். பகல் பூரா சுத்தணும். மறுபடி ராத்திரி வண்டி. கோயில் டூரும் அப்படித்தான். நமக்கு அது ஜாலி, ஏன்னா நம்ம வண்டியில தூங்கிடுவோம். முன் சீட்டுல ஒருத்தர் மட்டும் முழிச்சிருப்பார். பேச்சுத் துணைக்குன்னு பக்கத்துல உட்கார வெச்ச மாமாவும் விழுப்புரம் வர்றதுக்குள்ள குறட்டை விடுவார்.

இப்போ கணக்கு போடுவோம். ரெண்டு மணிக்குக் கிளம்பணும்னா டிரைவர் ஒரு மணிக்கே எழுந்திருக்கணும். உங்களை இறக்கி விட்டுட்டு வண்டியை ஷெட்டுல விட ராத்திரி பன்னெண்டரை ஆகும். கிட்டத்தட்ட இருபத்து மூணரை மணி நேரம். ஸ்டீயரிங் பிடிக்கிற நேரம் என்னவோ ஒன்பது மணி நேரம்தான். "நடுவுல நாள் பூரா சும்மாதானே இருக்கார், தூங்கட்டுமே"ன்னு நம்ம சொல்லுவோம். எங்க தூங்குவார்? பார்க்கிங்ல, மே மாச வெயில்ல, ஏசி போட்டா டீசல் தீரும்னு ஓனர் திட்டுற வண்டிக்குள்ள. அதுக்குப் பேர் தூக்கம் இல்ல.

1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்னு சொல்லுச்சு. நடுவுல இருக்கிற ஓய்வையும் சேர்த்து, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் 12 மணி நேரத்துக்குள்ள முடியணும்னும் சொல்லுச்சு. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே 'காத்திருக்கிறதும் களைப்புதான்'னு புரிஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா அது அஞ்சு பேராவது வேலை செய்ற நிறுவனங்களுக்கான சட்டமா இருந்துச்சு. ஒத்தை வண்டி வெச்சிருக்கிற ஊர் வேன்காரர் அந்தக் கணக்குலயே வரமாட்டார். அவருக்கு நேரம் குறிக்கிறது நம்மதான்.

தூக்கம்னா உடனே தலை சாஞ்சு விழறதுன்னு நினைக்காதீங்க. கண் திறந்திருக்கும்போதே மூணு நாலு செகண்ட் மூளை அணைஞ்சு எரியும். 90 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு வண்டி 25 மீட்டர் ஓடும். நாலு செகண்ட்னா நூறு மீட்டர். முன்னாடி இண்டிகேட்டர் இல்லாம ஓரமா நிக்கிற ஒரு லாரி போதும். அந்த ரோட்டுல ராத்திரி போனவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு தெரியும்.

இப்போ காசுக்கு வருவோம். இங்கதான் எனக்கு ஆச்சரியம்.

வெளியூர் வாடகைக்கு வண்டி எடுத்தா பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்குதான். அதுல ஒரு 'மினிமம்' இருக்கும். நாளைக்கு 250 கிலோமீட்டர்னு பல டிராவல்ஸ்ல சொல்லுவாங்க, பெரிய வண்டின்னா 300. நீங்க நூறுதான் ஓடினாலும் அந்த மினிமத்துக்குக் காசு. இன்னொரு விஷயம், 'ஒரு நாள்'னா 24 மணி நேரம் இல்ல. நிறைய பேர் காலண்டர் நாள் கணக்கு வெச்சிருக்காங்க. நள்ளிரவு 12 தாண்டினா அடுத்த நாள் வாடகை விழும்.

ஒரே நாள் டிரிப்னா போக வர 440 கிலோமீட்டர். பன்னெண்டு மணிக்குள்ள திரும்பினா 440-க்கு பில். ஏதோ ஒரு டோல்ல கூட்டம், ஒரு வாண்டு வாந்தி எடுத்துச்சு, பன்னெண்டு இருபதுக்கு வந்து சேர்ந்தீங்கன்னா ரெண்டு நாள் கணக்கு. மினிமம் 250 போட்டாலும் 500-க்கு பில். சரி, ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலையில கிளம்பினா? அதே 500-தான். கூட ஒரு நாள் டிரைவர் பேட்டா, ஹால்டிங். அதாவது ஒரே நாள்ல அடிச்சுப் பிடிச்சு வர்றதால வண்டி வாடகையில நீங்க மிச்சம் பிடிக்கிறது 60 கிலோமீட்டர் காசும் ஒரு பேட்டாவும். மினிமம் 300 போடுற வண்டின்னா வித்தியாசம் 160 கிலோமீட்டர், அதனால முதல்லயே கேட்டுக்கோங்க.

கடைசி நேரத்துல "அண்ணே, பன்னெண்டுக்குள்ள போயிடலாம்ல?"ன்னு பின் சீட்டுல இருந்து ஒரு குரல் வரும் பாருங்க. தூங்காத மனுஷனை இன்னும் வேகமா ஓட்டச் சொல்றோம். எதுக்கு? 60 கிலோமீட்டர் வாடகைக்கு.

உண்மையான செலவு ரூம்தான். பதிமூணு பேருக்கு நாலு ரூம். அது சின்னத் தொகை இல்ல, மறுக்கல. அதனாலதான் ஒரு ராத்திரிக்கு மட்டும் போடுங்கன்னு சொல்றேன். எந்த ராத்திரிக்கு? நிறைய பேர் முந்தின நாள் வந்து தங்கி, ஃப்ரெஷ்ஷா பார்க்குக்குப் போய், ஆடி முடிச்சு அன்னிக்கு ராத்திரியே ஊருக்குக் கிளம்பறாங்க. அதைத் திருப்பிப் போடுங்க. போறது அவசரமே இல்ல. பார்க் கேட் திறக்கிறதே வழக்கமா 11 மணிக்கு. டிரைவர் தன் வீட்டுல நல்லா தூங்கிட்டு, காலையில அஞ்சரைக்கு ஊர்ல கிளம்பினாலே நிதானமா டிஃபன் சாப்பிட்டுட்டு வந்து சேரலாம். ரெண்டு மணிக்குக் கிளம்பினா, பூட்டின கேட்டுக்கு முன்னாடி நாலு மணி நேரம் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கணும், அவ்வளவுதான் லாபம். ஆபத்து இருக்கிறது திரும்பி வர்ற ராத்திரியில. அந்த ராத்திரிக்கு ரூம் போடுங்க. ஈரத்துணியோட நாலு மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டியதும் இல்ல.

ரூம் போடுறப்போ இன்னொரு விஷயம். இது நிறைய பேருக்குத் தெரியாது. 2023 ஜூன்ல தமிழ்நாடு அரசு கட்டட விதிகள்ல ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு. ஹோட்டல், லாட்ஜ்ல தங்குறவங்களோட டிரைவர்களுக்குத் தங்கும் இடம் கட்டாயம். ஹோட்டலுக்குள்ளயே, இல்லைன்னா 250 மீட்டருக்குள்ள. ஒரு கார் பார்க்கிங் இடத்துக்கு ஒரு படுக்கை. எட்டுப் படுக்கைக்கு ஒரு கழிவறை, ஒரு குளியலறை. ரொம்ப நாளா டிரைவர்கள் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கிட்டு, கொசுக்கடியில, பெட்ரோல் பங்க்ல குளிச்சுக்கிட்டு இருந்ததுக்கு வந்த விதி இது. விதி வந்துடுச்சுங்கிறதால எல்லா லாட்ஜ்லயும் கட்டில் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி, "டிரைவர் டார்மிட்டரி இருக்கா? பெட் இருக்கா, வெறும் ஹாலா?"ன்னு கேளுங்க. ஆப்ல இதுக்கு ஃபில்டர் கிடையாது. வாயாலதான் கேட்கணும். இல்லைன்னு சொன்னா, அஞ்சாவது ரூம்ல ஒரு கட்டில் அவருக்கு. அதையும் பட்ஜெட்ல சேருங்க.

அடுத்து வண்டி. தோழியோட ஊர்ல தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட வேன் இருக்காம், கம்மி வாடகையாம். நம்பர் பிளேட் என்ன கலர்? வெள்ளைப் பிளேட்ல கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓடக் கூடாது. மஞ்சள் பிளேட்ல கறுப்பு எழுத்துன்னா வாடகை வண்டி. பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவுப்படி முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலுக்கும் இடம் இருக்கு. அது ஓனர் பிரச்சினைன்னு விட்டுடாதீங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கிளப்புற வாதமே 'சொந்த வண்டியை வாடகைக்கு விட்டிருக்காங்க, பாலிசி நிபந்தனை மீறல்'ங்கிறதுதான். கோர்ட் பல வழக்குகள்ல 'முதல்ல பணத்தைக் கொடு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ'ன்னு சொல்லியிருக்கு. ஆனா அந்தத் தீர்ப்பு வர எத்தனை வருஷம்? 'நம்மாளு'ங்கிற நம்பிக்கை அங்க செல்லாது. நம்பரை எம்பரிவாஹன் ஆப்ல போட்டா எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை.

ஆள் கணக்கும் பாருங்க. மேக்ஸி கேப்னு சொல்றது டிரைவர் இல்லாம 12 பேர் வரைக்கும்தான். இவங்க பதிமூணு. "வாண்டுதானே, மடியில வெச்சுக்கலாம்"னு வேன்காரர் சொன்னாராம். நெடுஞ்சாலையில ஒரு பிரேக் அடிச்சா மடியில இருக்கிற குழந்தையைப் பிடிக்க எந்தக் கைக்கும் வலு போதாது. 14 சீட், 17 சீட் டெம்போ டிராவலர் கேளுங்க.

இவ்வளவு செலவு முடியாது, ரூம் ரெண்டுதான் போட முடியும்னா? அப்போ ஊர் வேனையே விட்டுடுங்க. பெரம்பலூர்ல இருந்து சென்னை பஸ்ஸோ, அரியலூர்ல இருந்து செங்கல்பட்டுல நிக்கிற ரயிலோ பிடிங்க. செங்கல்பட்டு - திருப்போரூர் ரூட்ல பஸ் ஓடுது. கடைசி கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வண்டி. ஹோட்டல்ல 'பார்க் டிராப்' இருக்குன்னு சொன்னா, ரெண்டு வழிக்கும் சேர்த்தா, ஒரு வழிக்கான்னு கேளுங்க. காலையில எல்லாரும் வண்டி தருவாங்க. பார்க் மூடுற நேரத்துல நூத்துக்கணக்கான பேர் ஒண்ணா வெளிய வந்து ஒரே ஆப்பைத் திறக்கிறப்போ என்ன ரேட் காட்டும்னு சொல்லத் தேவையில்ல. திரும்பற வண்டியை முன்னாடியே பேசுங்க. அந்த வண்டிக்கும் பிளேட் கலரைப் பாருங்க, 'ஹோட்டல் சொந்த கார்'னு வெள்ளை போர்டு வந்து நிக்கும் சில சமயம்.

தோழிக்கு ஒரு மெசேஜ் டைப் பண்ணிக் கொடுத்திருக்கேன், அப்படியே வேன்காரருக்கு ஃபார்வர்டு பண்ண. நீங்களும் எடுத்துக்கலாம்: "அண்ணே, வணக்கம். 13 பேர், 14 சீட் வண்டி, மஞ்சள் போர்டு. காலை 5.30-க்கு கிளம்புறோம். அன்னிக்கு ராத்திரி தங்குறோம், உங்களுக்கும் படுக்கை, சாப்பாடு எங்க பொறுப்பு. மறுநாள் காலை டிஃபன் முடிச்சுட்டு கிளம்பலாம். மினிமம் கிலோமீட்டர், பேட்டா, ஹால்டிங், டோல், பார்க்கிங் தனித்தனியா எழுதி அனுப்புங்க. வண்டி நம்பரும் அனுப்புங்க. முந்தின நாள் ராத்திரி வேற டிரிப் எடுக்காதீங்க."

அந்தக் கடைசி வரியை மட்டும் போன்லயும் ஒரு தடவை சொல்லுங்க. முகூர்த்த நாள்னா கட்டாயம் சொல்லுங்க.