ஒரு பெயர், இரு வேர்கள்



சீன வைத்தியத்தில் ஒன்றையொன்று ஒத்த மூலிகைகளை எங்ஙனம் இனங்காண்பது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்துள்ளோம். நாம் வைத்தியரல்லோம், தாவரவியல் பயிலும் மாணவர் மாத்திரமே.

சீனத்தில் பெயர்க்குழப்பம் புதிதன்று. லீ ஷிசென் என்னும் மருத்துவர் 1578இல் எழுதி முடித்த பெருநூலில் 1892 மருந்துப் பொருள்களை ஆராய்ந்தார். இரு செடிகள் ஒரு பெயருள் அடங்கியிருந்ததைப் பிரித்துக் காட்டுவதும் அவர் பணிகளுள் ஒன்று. அவருக்குப் பின்னும் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

ஃபாங்ஜி என்றொரு மருந்து உண்டு. உடலில் நீர் கட்டினால் கொடுப்பது. இப்பெயரில் ‘ஹன் ஃபாங்ஜி’, ‘குவாங் ஃபாங்ஜி’ என இரு வேர்கள் கடைக்கு வந்தன. முன்னது ஸ்டெபானியா, நம் சீந்திற் கொடியின் குடும்பம். பின்னது அரிஸ்தொலோக்கியா. கொடியாக நிற்கும்போது சிறுபிள்ளையும் இவற்றைப் பிரித்தறியும். ஸ்டெபானியாவின் காம்பு, குடைக்குப் பிடிபோல, இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும்; பூ மிகச் சிறிது. அரிஸ்தொலோக்கியாவின் பூவோ வளைந்த குழல் போன்றது. ஆனால் கடைக்கு இலையும் வருவதில்லை, பூவும் வருவதில்லை. வேரைச் சீவி உலர்த்திச் சாக்கில் கட்டியபின் பெயர்தான் சாட்சி. அதைத் தூளாக்கிவிட்டாலோ பழகிய வியாபாரியும் திகைப்பார்.

இதன் விளைவைப் பெல்ஜியத்தில் கண்டனர். புருசெல்ஸ் நகரத்துச் சிகிச்சை நிலையமொன்றில், உடல் மெலிய விரும்பிய பெண்கள் பலருக்கு 1990 முதல் சீன மூலிகைத் தூளும் சேர்த்துக் கொடுத்தனர். சீட்டில் எழுதியது ஸ்டெபானியா. குளிகையில் இருந்தது அரிஸ்தொலோக்கியா. 1992இல் சிறுநீரகம் கெட்டவர்கள் ஒவ்வொருவராக வரத்தொடங்கினர். முடிவில் நூறு பேரளவில் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் சிறுநீரகம் அகற்றப்பட்ட 39 பேரைச் சோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையிற் புற்றுநோய் இருந்ததென 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். இவர்கள் நோயாளராய்ப் போனவர்களல்லர். சற்றுப் பருமனாயிருந்தவர்கள், அவ்வளவே.

தூளையும் இனங்காண வழியுண்டு. சாற்றை மெல்லிய படலம் பூசிய தகட்டில் ஒரு துளி இட்டுக் கரைப்பானை ஏறவிட்டால், அதிலுள்ள பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாய்ப் பிரியும். பக்கத்தில் அரிஸ்தொலோக்கிக் அமிலத்தையே இட்டு ஒப்புநோக்கலாம். நுணுக்குக்காட்டியும் உதவும்; இப்போது மரபணுச் சோதனையும் செய்கின்றனர். முத்தொங் என்ற மருந்திலும் அகேபியாவின் இடத்தில் அரிஸ்தொலோக்கியாத் தண்டு புகுந்திருந்தது. அத்தண்டைச் சீனம் 2003இலும், குவாங் ஃபாங்ஜியை 2004இலும் விலக்கிற்று.

பெரியோர் பொறுத்தருள வேண்டும். நம் வைத்தியத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்தொலோக்கியா இனத்தவையே. அந்த அமிலம் அவற்றிலும் உண்டு. இங்கே சிக்கல் வேறு. சரியான செடியையே பிடுங்கினாலும் நஞ்சு கூடவே வருகிறது. வீட்டில் இவற்றைக் காய்ச்சிக் குடிப்போர் இருப்பின், பரம்பரை வைத்தியரிடமும் ஆசுப்பத்திரி வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.