கணக்கெடுத்து வாங்குவோம், வீடு தேடிக் கொடுப்போம்



2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்தது. அப்புறம் எங்க ஊருக்கும் லாரியில சாமான் வந்தது. ரோட்டோரமே இறக்கிட்டாங்க. ஓடிப்போனவங்க ரெண்டு பை வாங்கினோம். நானும்தான். கடைசித் தெருவுல நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு மறுநாள்தான் தெரிஞ்சது. ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகலை.

அதனால சொல்றேன். சாமான் வாங்குறதுக்கு முன்னாடி தெருவாரியா கணக்கு எடுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, தனியா இருக்கிற முதியோர், சர்க்கரை நோயாளி யார்னு குறிச்சுக்கோங்க. அடுப்பு நனைஞ்ச வீட்டுக்கு அரிசி உதவாது. முதல்ல சமைச்ச சோறு கொடுங்க. அப்புறம் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்போட தீப்பெட்டி, மெழுகுவத்தி, நாப்கினும் சேருங்க. பாக்கெட்டுல தேதி பாருங்க. சீக்கிரம் காலாவதி ஆகுறதை முதல்ல கொடுங்க. வீட்டுக்கு ஒரு டோக்கன், நோட்டுல கையெழுத்து. வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே முதல்ல போகணும். வாங்குறவங்களைப் போட்டோ எடுக்காதீங்க.

வரிசையில நிக்கிறவங்களை எல்லாருக்கும் தெரியும். வராதவங்களைத் தேடுறதுதான் நம்ம குழு வேலை.