நாட்குறிப்பு இல்லாத ரெஜிமென்ட்



படை வரலாறு என்றாலே தளபதிகளும் வெற்றி தோல்விகளும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய கதையன்று. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் வட்டாரத்தில் திரட்டப்பட்ட 77ஆவது கனரக விமான எதிர்ப்புப் பீரங்கி ரெஜிமென்ட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அது எங்கே நின்றது, யார் யார் அதில் இருந்தார்கள் என்று தேடப் புகுந்தவர் பாதி வழியில் சந்திப்பது ஒரு வெற்றிடத்தை.

தொடக்க ஆண்டுகளைத் தேடுவது எளிது. பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒவ்வொன்றும் போர்க்காலத்தில் 'சி 2118' என்ற படிவத்தில் நாட்குறிப்பு எழுதி, மாதந்தோறும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உள்நாட்டில் இருந்த பிரிவுகளின் குறிப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 166' என்ற வரிசையில் இருக்கின்றன. எந்த முகாம், எந்த இரவில் எச்சரிக்கை, எத்தனை குண்டு சுட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1938 வரை 'பிரிகேட்' எனப்பட்ட விமான எதிர்ப்புப் பிரிவுகள் 1939 தொடக்கத்தில் 'ரெஜிமென்ட்' ஆயின. 1940 ஜூனில் 'கனரக' என்ற அடைமொழி சேர்ந்தது. ஒரே ஆட்கள், மூன்று தலைப்புகள். அதோடு, கனரகப் பீரங்கி ரெஜிமென்ட் ஒரே களத்தில் திரண்டு நின்றது அரிது. பேட்டரிகள் எனப்பட்ட அதன் உட்பிரிவுகள் துறைமுகத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று பிரிந்தே நின்றன. ஆகவே ரெஜிமென்ட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் கதை கைநழுவும். 239, 240, 241 என்ற பேட்டரி எண்களையும் தேட வேண்டும்.

1941 டிசம்பரில் இந்த ரெஜிமென்ட் கப்பலேறியது. மத்திய கிழக்குக்கென்று புறப்பட்டவர்களை ஜப்பானியப் போர் வழிமாற்றியது. 1942 பிப்ரவரி தொடக்கத்தில் ஜாவாவில் இறங்கினார்கள். மார்ச் 8ஆம் நாள் டச்சுப் படை சரணடைந்தது. 12ஆம் நாள் பாண்டுங்கில் பிரிட்டிஷ் தரப்பில் மேஜர் ஜெனரல் சிட்வெல்லும் ஏர் வைஸ் மார்ஷல் மால்ட்பியும் சரணாகதியில் கையெழுத்திட்டார்கள். ரெஜிமென்ட் முழுதும் கைதானது. பகைவர் கையில் சிக்கக் கூடாத தாள்களை அழித்துவிடுவது படை மரபு. தொடர்ச்சியான நாட்குறிப்பு என்ற வசதி இங்கே முடிந்துபோகிறது.

இனி ஆய்வாளர், இந்த ரெஜிமென்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிரிவுகளிடம் போக வேண்டும். அதே தீவில் அதே நாட்களில் கைதான 21ஆவது, 48ஆவது இலகுரக விமான எதிர்ப்பு ரெஜிமென்ட்டுகளின் செய்திகளை ஒப்பிடலாம். மால்ட்பியின் நீண்ட அறிக்கை 1948இல் லண்டன் கெஜட்டின் இணைப்பாக அச்சாயிற்று. இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: தோற்ற அதிகாரி பின்னாளில் எழுதிய அறிக்கை, அன்றன்று இரவில் எழுதிய குறிப்புக்கு ஈடாகாது. நாளும் நேரமும் முரண்பட்டால் இரண்டையும் பதிவு செய்துவிட்டு மேலே போவதே நேர்மை.

இந்த ஆய்வில் என் மனத்தை மிகவும் தொட்டவை கைதிகளின் அட்டைகள். ஜப்பானியர் ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். அவற்றில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை 'டபிள்யூ.ஓ. 345' வரிசையில் கியூவில் உள்ளன. பெயர், பிறந்த நாள், பிரிவு, பிடிபட்ட இடம், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. அட்டையின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தால் அந்த மனிதர் சிறையிலேயே இறந்தார் என்று பொருள். போர் முடிந்ததும் விடுதலையானவர்கள் நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்கள் 'டபிள்யூ.ஓ. 344'இல் இருக்கின்றன. தாங்கள் அடைபட்ட முகாம்களை அவர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். அட்டையையும் வினாத்தாளையும் அருகருகே வைத்தால், ரெஜிமென்ட் எங்கெங்கே சிதறியது என்பது ஆள் ஆளாகத் தெரியத் தொடங்கும். வேல்ஸ் ரக்பி வீரர் வில்ஃப் வூலர் இந்த ரெஜிமென்ட்டில் இருந்து கைதானவர். 1948இல் கிளமார்கன் கிரிக்கெட் அணியைக் கவுண்டி வாகையராக்கிய தலைவரும் அவரே. அவரைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கும். அவரோடு பீரங்கிக்குக் குண்டு சுமந்தவரைப் பற்றிப் படிக்கப் பெரும்பாலும் அந்த அட்டை ஒன்றுதான் உண்டு. ஆய்வு அவருக்காகவும் நடக்க வேண்டும்.

ஜாவாவில் பிடிபட்ட கைதிகளில் பலர் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குப் பக்கத்திலேயே மண் சுமந்து பல்லாயிரக்கணக்கில் மாண்டவர்கள் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள். வெள்ளைக் கைதியின் அட்டையில் தாயின் பெயருக்குக்கூட இடம் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி ஓர் அட்டை வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களும், குடும்பங்களின் வாய்மொழியும்தான் நம் கையில் உள்ளவை.

வரலாற்றுத் துறை மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கியூவின் அட்டையில் உள்ள அதே கட்டங்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு அவர்களிடம் போங்கள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், எந்தத் தோட்டம், எந்த மாதம் ஏற்றிச் சென்றார்கள், திரும்பி வந்தாரா என்று கேட்டு எழுதுங்கள். விடை கிடைக்காத கட்டத்தை வெற்றாகவே விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள். சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது.