படைக்கத் தூண்டுவது எது?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



புதிதாக ஒன்றைச் செய்யவேண்டும் என்ற உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் ஒருவர் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார். கடைசி நாள் டீ குடிக்கும்போது, "அண்ணா, எல்லாரும் பேஷன் இருக்கணும்கிறாங்க. எனக்கு எதுமேலயும் அப்படி ஒண்ணும் வரலை. அப்ப என்னால புதுசா எதுவும் செய்ய முடியாதா?" என்று கேட்டார். "வரும், வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை. இன்றைக்குக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கணினித் துறைக்காரர்களுக்கு டொனால்ட் க்னூத்தைத் தெரிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற அவருடைய நூலின் இரண்டாம் பாகம், இரண்டாம் பதிப்புக்காக அச்சுக்கோத்து 1977-இல் அவர் பார்வைக்கு வந்தது. முதல் பதிப்பு ஈய எழுத்தில் அடித்தது, லட்சணமாக இருக்கும். அதற்குள் தொழில் மாறி, புகைப்பட முறை வந்துவிட்டது. புதிய பக்கங்களைப் பார்த்தவருக்குச் சகிக்கவில்லை. அதே சமயத்தில், கணினி வழியாக அச்சுக்கோத்த வேறொரு புத்தகத்தின் பக்கங்களும் அவர் கண்ணில் பட்டிருந்தன. அதில் எழுத்து என்பது வெறும் புள்ளிகள். மை இருக்கிற இடம் 1, இல்லாத இடம் 0. அட, இது நம்ம வேலையாச்சே என்று இறங்கிவிட்டார்.

அடுத்த வருஷ விடுப்புக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நம் ஊரில் மேம்பாலத்துக்குப் போடுகிற கணக்கு மாதிரிதான். 'டெக்' என்ற அந்த மென்பொருளும், எழுத்து வடிவமைக்கும் அதன் துணை மென்பொருளும் ஓய பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆங்கில எஸ் எழுத்தின் வளைவைக் கணிதத்தில் பிடிப்பதற்குள் மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த ஓர் எழுத்தைப் பற்றி மட்டும் 1980-இல் தனிக் கட்டுரையே எழுதினார். இன்று நம் ஆய்வு மாணவர்கள் சமன்பாடுகளோடு ஆய்வேடு தயாரிக்கும் 'லேடெக்' அதன்மேல் கட்டியதுதான்.

எரிச்சல் ஒரு வாரம் தாங்கும். பத்து வருஷம் தாங்குமா? எஸ்ஸோடு மல்லுக்கட்டிய ராத்திரிகளில் அச்சுக்கோத்தவர்மேல் கோபம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வளைவுதான் இருந்திருக்கும்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை நேர் எதிர். அது அன்பில் ஆரம்பித்தது. 1998-இல் திருமணமான புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். நாமே மலிவாக நாப்கின் செய்து கொடுப்போமே என்று தொடங்கினார். ஊர் ஒரு மாதிரி பேசியது. மனைவி பிரிந்து போனார், பிறகு தாயாரும் போய்விட்டார். யாருக்காகத் தொடங்கினாரோ அவரே வீட்டில் இல்லை! ஆனால் பஞ்சில் செய்தால் ஏன் தேறவில்லை, கம்பெனிக்காரன் உள்ளே என்னதான் வைக்கிறான் என்ற கேள்வி அவரை விடவில்லை. அது பஞ்சு இல்லை, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம்தான் இயந்திரம். 2016-இல் பத்மஸ்ரீ. மனைவி அதற்கு வெகு முன்பே திரும்பி வந்துவிட்டார்.

அந்தத் தம்பி கேட்ட பேஷன் இப்படி வழியில் வந்து சேர்கிற சமாசாரம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவது எரிச்சலாகவும் இருக்கலாம், அன்பாகவும் இருக்கலாம். அதைவிடக் கேவலமானதாகவும் இருக்கலாம். அதற்கு நானே சாட்சி.

2009-இல், மூன்றாம் ஆண்டில், என் அறை நண்பன் செய்த ரோபோவுக்கு வேறொரு கல்லூரியில் முதல் பரிசு கிடைத்தது. எல்லாரையும் விடச் சத்தமாக நான்தான் கை தட்டினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பொறாமை, வேறொன்றும் இல்லை. நானும் ஏதாவது செய்து காட்டவேண்டும் என்று தேடியபோது கிடைத்தது விடுதித் தண்ணீர்த் தொட்டி. முகத்தில் சோப்போடு நிற்கும்போது தண்ணீர் நின்றுபோகும் அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும்.

ஒரு மிதவை, ஒரு ரிலே. தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கவேண்டும். காகிதத்தில் சுலபம். தொட்டி நிறைந்ததும் தண்ணீரில் அலையடிக்க, மிதவை ஏறி இறங்க, ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது. மோட்டாரே போயிருக்கும். பன்னிரண்டு நாள் அதே நினைப்பு. கடைசியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மிதவை வைத்தேன். மேல் மிதவை எழும்பினால் நிற்கும், கீழ் மிதவை தாழ்ந்தால்தான் மறுபடி ஓடும், நடுவில் என்ன அலையடித்தாலும் கண்டுகொள்ளாது. பாடப்புத்தகத்தில் இருந்ததுதான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தொட்டிமேல் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் பரிசு ஞாபகமே வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத் தொட்டிமேல் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் அதே நண்பன்தான். எதற்காக இதை ஆரம்பித்தேன் என்று அவனிடம் இதுவரை சொன்னதில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். டீ இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்வான். தயாராகத்தான் வந்திருக்கிறேன்.