கபுகிச்சோவில் ஒரு மணி நேரம்: கூப்பிட்டவர் பின்னால் போகாதீங்க

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஜப்பானுக்குக் கம்மி செலவுல போறது பத்தி முன்னாடி ஒரு எபிசோட் பண்ணோம். அதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "டோக்கியோல நைட்ல சுத்தலாமா? சேஃபா?" நான் "தாராளமா சுத்தலாம்"னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை ஏன் சொல்லலைன்னா, அதுல நான் ஏமாந்த கதை இருக்கு. அதை இன்னைக்குச் சொல்லிடறேன்.

அது என்ன இடம்?

டோக்கியோவில் இருக்கிற ஷின்ஜுகு ஸ்டேஷன், உலகத்திலேயே கூட்டம் அதிகமான ரயில் நிலையம். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான பேர் வந்து போறாங்க. கிழக்கு வாசல்ல வெளியே வந்து, வடக்கே கொஞ்ச தூரம் நடந்து, யாசுகுனி சாலையைத் தாண்டினா சிவப்பு நியான் போட்ட ஒரு வளைவு தெரியும். அதுக்கு உள்ளே இருக்கிறதுதான் கபுகிச்சோ.

இரண்டாம் உலகப் போர்ல குண்டுவீச்சுல எரிஞ்சுபோன பகுதி இது. திரும்பக் கட்டும்போது இங்கே ஒரு கபுகி நாடக அரங்கம் வரும்னு திட்டம். அதை நம்பி 1948ல இந்தப் பேரை வெச்சாங்க. அந்த அரங்கம் வரவே இல்லை, பேர் மட்டும் நின்னுடுச்சு. இப்போ சினிமா தியேட்டர், ரேமன் கடை, கரோக்கே, ஹோட்டல், பார், ஹோஸ்ட் கிளப்னு நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு ஹோட்டல் கட்டடத்து மேல காட்ஜில்லா தலை எட்டிப் பார்க்கும். பகல்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு குடும்பமாவே வந்து போட்டோ எடுக்கிறாங்க.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். இங்கே கத்தியைக் காட்டி யாராவது பிடுங்கிடுவாங்களோன்னு பயந்து பயந்து நடக்கத் தேவையில்லை. இங்கே இருக்கிற ஆபத்து வேற மாதிரி. அது சிரிச்சுக்கிட்டே வந்து உங்களைக் கூப்பிடும்.

அன்னைக்கு ராத்திரி

ஆபீஸ் ட்ரெய்னிங்குக்காகப் போயிருந்தோம், நானும் கூட வேலை பார்க்கிற நண்பனும். கடைசி நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி. மணி 11 இருக்கும். ரேமன் சாப்பிட்டுட்டு சும்மா நடந்துக்கிட்டு இருந்தோம். கோட் போட்ட ஒருத்தர் பக்கத்துல வந்து, கூடவே நடக்க ஆரம்பிச்சார். "ஹலோ மை ஃப்ரெண்ட், இந்தியா? ஒன் அவர், த்ரீ தவுசண்ட் யென், எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்"னார்.

நாங்க வேண்டாம்னோம். அவர் விடலை. இந்தியா எனக்குப் பிடிக்கும்னார், கறி பிடிக்கும்னார். அம்பது அடி கூடவே வந்துட்டார். இவ்வளவு தூரம் பேசிட்டு வர்றவரை எப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி போகச் சொல்றதுன்னு எனக்கு ஒரு சங்கடம். நண்பன், "மச்சி, மூவாயிரம் யென்தானே, நம்ம ஊர் காசுக்கு ரெண்டாயிரத்துக்குள்ளதான். கடைசி நாள் வேற. போய்ப் பார்ப்போம்டா"ன்னான். நானும், "ஜப்பான்தானே, இங்கே என்ன ஆயிடப் போகுது"ன்னு நினைச்சேன்.

சின்ன லிஃப்ட். அஞ்சாவது மாடி. ஜன்னல் இல்லாத ஒரு ரூம். ரெண்டு பொண்ணுங்க வந்து உட்கார்ந்து, "எங்களுக்கும் ஒரு டிரிங்க் சொல்லலாமா?"ன்னு கேட்டாங்க. சரின்னு தலையாட்டினோம். எங்க கண்ணுல மெனு எதுவும் படலை. நாங்களும் கேட்கலை.

ஒரு மணி நேரம் கழிச்சு பில் வந்துச்சு. 1,36,000 யென். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல! டேபிள் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், பொண்ணுங்க குடிச்சது, அப்புறம் என்னன்னே புரியாத ரெண்டு மூணு வரி. கீழே கூப்பிட்டு வந்தவரைக் காணோம். லிஃப்ட் பக்கத்துல ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். யாரும் கத்தலை, யாரும் எங்களைத் தொடலை. "கார்டு, ப்ளீஸ்" மட்டும்தான். நான் கார்டைக் கொடுத்துட்டேன்.

வெளியே வந்தா, கொஞ்ச தூரத்திலேயே போலீஸ் பெட்டி. ஜப்பான்ல அதை 'கோபான்'னு சொல்வாங்க. தெருமுனையில இருக்கிற சின்ன காவல் நிலையம். வழி கேட்கக்கூட உள்ளே போகலாம். வெளியே சிவப்பு விளக்கு எரிஞ்சுது, உள்ளே ஆள் இருந்தாங்க. நானும் அவனும் அதைப் பார்த்துக்கிட்டே கடந்து போயிட்டோம். காரணம் வெட்கம். "அந்த மாதிரி இடத்துக்கு ஏண்டா போன?"ன்னு கேட்டா என்ன சொல்றது? ஊருக்கு வந்தும் வீட்ல சொல்லலை. கார்டு பில்லை மூணு மாசம் தவணையா கட்டினேன். இந்த மாதிரி கடைங்க நம்பியிருக்கிறது அந்த வெட்கத்தைத்தான்னு ரொம்ப லேட்டாத்தான் எனக்குப் புரிஞ்சுது.

இது எப்படி நடக்குது?

இதுக்கு ஜப்பான் மொழியிலேயே ஒரு சொல் இருக்கு: 'பொத்தகுரி'. நியாயமே இல்லாத பில்லைப் போட்டுப் பணம் கறக்கிறது. ஆள் பிடிச்சுக் கொடுக்கிறவங்களுக்கு 'க்யாகுஹிகி'ன்னு பேர். இது வெளிநாட்டுக்காரங்களுக்காகவே உண்டான வலை இல்லை. உள்ளூர்க்காரங்களும் நிறைய மாட்டியிருக்காங்க. இதைத் தடுக்க டோக்கியோ நிர்வாகம் 2000லேயே ஒரு சட்டம் போட்டுச்சு. 2013ல ஷின்ஜுகு வட்டார நிர்வாகம் தெருவுல ஆள் பிடிக்கிறதுக்கு எதிரா தனியா ஒரு விதி கொண்டுவந்துச்சு. ஆள் பிடிக்கிறவங்க பின்னாடி போகாதீங்கன்னு தெருவிலேயே ஸ்பீக்கர் வெச்சு அறிவிச்சுக்கிட்டே இருக்காங்க. அந்த ஸ்பீக்கர் கத்திக்கிட்டு இருக்கும்போதுதான் நாங்க அவர்கூட நடந்தோம்.

யோசிச்சுப் பாருங்க. நல்லா ஓடுற கடைக்கு, தெருவுல போறவன் கையைப் பிடிச்சு இழுக்க வேண்டிய அவசியம் என்ன? வெளியே சொல்ற விலை உங்களை லிஃப்ட்ல ஏத்துறதுக்கு மட்டும்தான்.

பணத்தைவிட மோசமானதும் உண்டு. குடிக்கிற கிளாஸ்ல மருந்து கலந்து, மயங்கினதும் கார்டைத் தேய்ச்சுக்கிறது. கபுகிச்சோ, ரொப்போங்கி ரெண்டையும் பேர் சொல்லியே அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டுக்காரங்களை எச்சரிச்சிருக்கு.

இன்னொரு விஷயம், கட்டடம். 2001 செப்டம்பர் 1 அதிகாலை, கபுகிச்சோவில் ஒரு சின்னக் கட்டடத்துல தீப்பிடிச்சு 44 பேர் செத்துப்போனாங்க. இருந்தது ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு, அதிலேயும் சாமான் அடைஞ்சு கிடந்துச்சு. அதுக்கு அப்புறம் நாடு முழுக்கத் தீ பாதுகாப்பு விதிகளை இறுக்கினாங்க. ஆனாலும் மேல் மாடிக்குப் போற எந்த ஊர்லயும், எந்த பார்லயும், படிக்கட்டு எங்கே இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு உட்காருங்க. அன்னைக்கு அந்த அஞ்சாவது மாடியில நாங்க அதைக்கூடப் பார்க்கலை.

போறதுக்கு முன்னாடி

கபுகிச்சோவுக்குப் போகவே போகாதீங்கன்னு நான் சொல்லலை. நான் அப்புறம் ஒரு தடவை போய், நல்லா சாப்பிட்டு, சந்தோஷமாத்தான் திரும்பி வந்தேன். மனசுல வெச்சுக்க வேண்டியது இவ்வளவுதான்.

முதல் விஷயம்: உங்களைத் தேடி வந்து கூப்பிடறவர் யாரா இருந்தாலும் பின்னாடி போகாதீங்க. ஜப்பான்காரரா இருந்தாலும் சரி, நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் மாதிரி தெரிஞ்சாலும் சரி. பதில் சொல்லாதீங்க, நிக்காதீங்க, நடந்துக்கிட்டே இருங்க. நம்ம வளர்ப்புக்கு இது மரியாதைக் குறைவாத் தோணும். அங்கே அது சாதாரணம். உள்ளூர்க்காரங்களும் திரும்பிப் பார்க்காமத்தான் போறாங்க.

கடையை நீங்களே தேர்ந்தெடுங்க. விலைப் பலகை வாசல்லயே இருக்கணும். உட்கார்றதுக்கு முன்னாடி, எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு கேட்டு, போன்ல எண்ணா அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதே சமயம் எல்லாக் கூடுதல் கட்டணமும் ஏமாத்து இல்லை. நிறைய பார்ல 'ஒதோஷி'ன்னு கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வெச்சு சில நூறு யென் வாங்குவாங்க. பக்கத்துல கோல்டன் கய்னு சந்து சந்தா சுமார் 200 குட்டி பார் இருக்கு. அங்கே பல இடங்கள்ல உட்கார்றதுக்கே கட்டணம் உண்டு. அது அந்த ஊர் வழக்கம்.

கார்டுக்கு வரம்பு வையுங்க. நம்ம பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன், ஆஃப் பண்ணவும் வரம்பு வைக்கவும் வசதி இருக்கு. ரிசர்வ் வங்கியோட உத்தரவுப்படி 2020லேயே வந்தது. எனக்கு அது தெரியும், ஆனா நான் தொடவே இல்லை. ராத்திரி வெளியே போகும்போது அன்னைக்குத் தேவையான பணமும், வரம்பு வெச்ச ஒரே ஒரு கார்டும் போதும். பாஸ்போர்ட் மட்டும் எப்பவும் கூடவே இருக்கணும், அது அங்கே சட்டம்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போயிடும், அடுத்தது காலைல அஞ்சு மணி வாக்குலதான். நடுவுல மாட்டிக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல, எங்கேயாவது உட்கார்ந்தாப் போதும்னு நினைக்கும்போதுதான் தப்பு நடக்குது. ரயில் நேரத்தைப் பார்த்துக்குங்க. விட்டுட்டா டாக்ஸி பிடிங்க. ராத்திரி 20 சதவீதம் கூடுதலா இருக்கும், மீட்டர் நேர்மையானது.

பெண்கள்கிட்ட வேற மாதிரி பேச்சு வரும். ஹோஸ்ட் கிளப்ல முதல் தடவை ரொம்ப மலிவுன்னு கூப்பிடுவாங்க. அதோட மோசமான முகத்தைப் பார்த்தது அந்த ஊர்ப் பொண்ணுங்கதான். கடன் ஏறி, அதை அடைக்கப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டவங்க இருக்காங்க. இதுக்காகவே 2025ல ஜப்பான் சட்டத்தைத் திருத்துச்சு. நமக்கு ஒரு ராத்திரி, ஒரு பில். அவங்களுக்கு வருஷக்கணக்கு. தெருவுல உட்கார்ந்திருக்கிற சின்னப் பசங்களை வேடிக்கைப் பொருள் மாதிரி போட்டோ எடுக்காதீங்க.

மாட்டிக்கிட்டா?

முதல்ல, குடிக்கிறதை நிறுத்துங்க. கத்தாதீங்க, கையை ஓங்காதீங்க. "சொன்ன விலையைக் கொடுக்கிறேன், மீதியைக் கோபான்ல போய்ப் பேசிக்கலாம்"னு சொல்லுங்க. 'கோபான்'ங்கிற சொல் அவங்களுக்கு நல்லாவே புரியும். வெளியே விடலைன்னா 110 அடிங்க, அதுதான் போலீஸ். ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 119. அவங்க கூட ஏடிஎம்முக்கு நடக்காதீங்க.

உண்மையைச் சொல்லணும்னா, பில் தகராறுல போலீஸ் அங்கேயே தீர்ப்பு சொல்லிப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருவாங்கன்னு எதிர்பார்க்க முடியாது. ஆனா அவங்க முன்னாடி யாரும் உங்களை அடைச்சு வைக்க முடியாது, மிரட்டவும் முடியாது. நடந்தது பதிவுல ஏறும். அடி விழும்னு தோணினா வாதாடாதீங்க. கொடுத்துட்டு வெளியே வாங்க. பில்லை போட்டோ எடுங்க, உடனே பேங்குக்குச் சொல்லி கார்டை நிறுத்துங்க, நேரா கோபானுக்குப் போங்க. மயக்கமா இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி.

அப்புறம் யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. நான் வீட்ல சொன்னப்போ எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. திட்டு விழும்னு நினைச்சேன். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "உன்னை அடிச்சாங்களாப்பா?" அந்தக் கேள்விக்குப் பயந்தா நான் எட்டு மாசம் ஒளிச்சு வெச்சேன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு நடந்திருந்தா எங்களுக்கு எழுதுங்க. பேர் சொல்ல மாட்டோம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.