ரசிகர் திருடர் அல்ல, காவலரே!

நடுவர் அவர்களே! "அனுமதியில்லாமப் பதிவு பண்றவன் எல்லாம் திருடன்"னு எதிரணி நண்பர் ஒரே போடாப் போட்டுட்டார். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க.

பிரிட்டனில் பி.பி.சி. 1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. அந்நாளில் ஒளிநாடா விலை அதிகம். அதனால் ஒளிபரப்பிய நாடாக்களை அழித்துவிட்டு, மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். உரிமை யாருக்கு? பி.பி.சி.க்கு. அழித்தது? அதே பி.பி.சி.!

காப்பாத்தினது யாரு? வீட்டுல டி.வி. முன்னால டேப் ரிக்கார்டரை வச்ச ரசிகர்கள்! "அம்மா, அரைமணி நேரம் பேசாம இருங்க"ன்னு கெஞ்சியிருப்பாங்க, பாவம்! எதிரணி கணக்குப்படி அதுவும் திருட்டுதான். ஆனால் பல அத்தியாயங்களின் படம் தொலைந்தும், ஒலி முழுவதும் இன்று இருக்கிறது. 2016-இல் அந்த ஒலியோடுதான் 'தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையைக் கார்ட்டூனாக்கி பி.பி.சி.யே வெளியிட்டது. திருட்டுப் பொருளை வாங்கிப் பறிகொடுத்தவரே கடை போடுவாரா, ஐயா?

படைத்தவர் வயிற்றில் அடித்து நகல் விற்கிறவன் வேறு; அவனைச் சட்டம் பிடிக்கட்டும். அன்பினால் சேமித்து வைக்கிறவன் வேறு. இருவருக்கும் ஒரே விலங்கை மாட்டாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன்.