பிடி அரிசி



பெரியோர் வரலாறு என்றவுடன் நாடாண்டவர்களையும் நூல் இயற்றியவர்களையுமே நாம் எண்ணுகிறோம். ஆயினும் ஏட்டில் பெயர் ஏறாத பெரியோரும் நம் வீடுகளில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் என் தந்தையைப் பெற்றவர். அவரை நாங்கள் அப்பாயி என்று அழைப்போம்.

அப்பாயி பிறந்தது திருத்துறைப்பூண்டியை அடுத்த ஒரு சிற்றூர், வாழ்க்கைப்பட்டது வேதாரணியம். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து சென்றார்கள். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு வீடு திரும்பினார்கள். அவ்வாறு கட்டியவர்களுள் அப்பாயியின் தாயாரும் ஒருவர். “கட்டியாயிற்று, யார் உண்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே” என்று தாயார் கூறியதை அப்பாயி இறுதிவரை மறந்ததில்லை.

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு மண்கலயம் இருந்தது. உலையில் அரிசி இடுவதற்கு முன்னர் ஒரு பிடி அள்ளி அதில் இட்ட பின்னரே அப்பாயி எங்களுக்குச் சமைப்பார். காலையும் மாலையும் இது தவறியதில்லை. பிள்ளை பெற்ற ஏழை வீடுகளுக்கும், உழைப்பவர் நோயுற்ற வீடுகளுக்கும் அந்த அரிசி செல்லும். உண்டு மிஞ்சியதை ஈவது அவருக்கு உடன்பாடன்று. ஈந்த பின்பே உண்ண வேண்டும் என்பார்.

“திருவாரூர்த் தேரழகு, வேதாரணியம் விளக்கழகு” என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. மாலைதோறும் அப்பாயி மறைக்காட்டு ஈசன் திருக்கோயிலுக்குச் சென்று விளக்கிட்டு வருவார். அணையவிருந்த அக்கோயில் விளக்கின் திரியை நெய் உண்ண வந்த எலி ஒன்று அறியாமலே தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தால் அது மாவலி மன்னனாகப் பிறந்தது என்பது தலவரலாறு. “அறியாமல் தூண்டிய எலிக்கே அரசு கிடைத்தது, அறிந்து தூண்ட நமக்குக் கை இருக்கிறதே” என்று கூறிச் சிரிப்பார். அவருடைய சமயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற காலத்தில், விடுமுறைக்கு வந்தபோது ஒருநாள் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டேன். ஒரு பிடி 50 கிராம். இருவேளைக்கு 100 கிராம். ஆண்டுக்கு 36 கிலோவுக்குச் சற்று மேல். “இந்த 36 கிலோ நாட்டின் வறுமையைத் தீர்த்துவிடுமா, அப்பாயி?” என்று கேட்டேன். அவர் முறத்திலிருந்து கண்ணெடுக்காமல், “நாட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது, தம்பி. மூன்றாம் வீட்டுக் கணக்கு தெரியும்” என்றார். விடையற்றவரின் விடை அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நாகைக் கடற்கரையைப் புயல் தாக்கியது. விடிந்தபோது எங்கள் தெருவில் கூரையோடு நின்ற வீடுகள் சிலவே. குடிசைகளில் இருந்த நெல்லும் அரிசியும் நீரில் ஊறிக் கிடந்தன. மரங்கள் விழுந்து சாலை அடைபட்டிருந்தது. எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையில் நனைந்த குழந்தைகளுடன் பல குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன.

அப்பாயி கலயத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். “சாலை திறக்க எத்தனை நாள் ஆகுமோ! நம் வீட்டிலும் சிறுவர்கள் இருக்கிறார்கள். இதை நமக்கென்று வைத்துக்கொள்வோம்” என்று மெல்லக் கூறினேன். அவர் சினக்கவில்லை. “இது நம் அரிசி இல்லை, தம்பி. எடுத்து வைத்த அன்றே இது அவர்களுடையதாகிவிட்டது. நாம் காவல் காத்தோம், அவ்வளவுதான்” என்றார்.

கலயம் கவிழ்ந்தது. அன்று பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் திண்ணைப் பிள்ளைகளோடு அமர்ந்து அதையே குடித்தார்கள். அந்த அரிசி ஒருநாளைக்குத்தான் போதியது. ஆனால் உதவி வந்து சேரும்வரை தாங்க வேண்டிய நாட்களுள் முதல் நாள் அதுவே. நாட்டின் வறுமையைப் பிடி அரிசி தீர்க்காது என்ற என் கணக்கில் பிழையில்லை. பசித்தவன் எதிரில் நிற்கும்போது அந்தக் கணக்கைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியதே என் பிழை.

அப்பாயி மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அதே கரையைத் தாக்கியபோது, வேதாரணியத்து வீட்டில் என் தங்கை செய்த முதல் வேலை, அடுக்களைக் கலயத்தைக் கவிழ்த்ததுதான். எவ்வளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை. கணக்குக் கேட்கும் வழக்கத்தை நான் விட்டு நெடுங்காலம் ஆயிற்று.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். இருப்பின், அவர் எதை முதலில் எடுத்து வைக்கிறார் என்று இன்று மாலை கவனித்துப் பாருங்கள்.